'ட்விஸ்ட் சம்வன்ஸ் ஆர்ம்': கையை முறுக்குவதா?

மாணவர்களே, இந்த ஆங்கில மரபுத்தொடரைக் 'கையை முறுக்குதல்' என்று அப்படியே மொழிபெயர்த்துடாதீங்க.

பொருள்: விருப்பமில்லாதவரை விடாமல் வற்புறுத்தி இணங்க வைத்தல்.

எடுத்துக்காட்டு: பேச்சுப் போட்டிக்கு வரமாட்டேன் என்ற கவிதாவைத் தோழிகள் நச்சரித்துச் சம்மதிக்க வைத்தனர்.

கவனிக்க: 'கரைப்பார் கரைத்தால் கல்லும் கரையும்' இதற்கு முழுமையாகப் பொருந்தாது. அது பக்குவமாகப் பேசி மனத்தை மாற்றுவது. இதில் நெருக்குதல் உண்டு.

வேடிக்கையாகவும் வரும். "இன்னொரு வடை?" என்று ஒரே தடவைதான் கேட்டிருப்பாங்க. நாமோ, "இவ்ளோ வற்புறுத்துறீங்களே, சரி!" என்று சிரிச்சுக்கிட்டே எடுப்போம். அங்கும் ஆங்கிலத்தில் இதே தொடர்தான். ஆகவே, முதலில் சூழலைப் பாருங்க, பிறகு எழுதுங்க.