பலகை அசையட்டும்

சிற்றாறு தாமிரபரணியில் கலக்கிற சீவலப்பேரியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். வீட்டிலேயே சின்னதாக ஒரு நெல் பத்தாயம் செய்யப் போகிறாராம். எத்தனை அங்குல ஆணி வாங்கலாம் என்று கேட்கிறார். சுவர்ப் பலகைக்கு ஆணியே வேண்டாம், ஐயா.

மேலே நெல் கொட்டுகிற மூடி, அடியில் நெல் எடுக்கிற வாய் இதெல்லாம் ஆற்றங்கரைக்காரருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மூலைக் கால்களைப் பாருங்கள். மேலிருந்து கீழாக நீளப் பள்ளமாகக் காடி எடுத்து, பலகைகளைப் படுக்கைவாக்கில் ஒன்றன்மேல் ஒன்றாக இறக்குகிற முறை ஒன்று உண்டு. எனக்குப் பிடித்த சங்கதி அதுதான்.

அறுத்துக் காயவைத்த பிறகும் மரம் அசையும். காற்றில் ஈரம் கூடினால் உப்பும், குறைந்தால் சுருங்கும். நீளவாக்கில் அந்த மாற்றம் இல்லையென்றே சொல்லிவிடலாம், எல்லாம் அகலத்தில்தான். பிசான நெல்லை மாசி, பங்குனியில் அறுத்துக் கொட்டும்போது சுருங்கிக் கிடக்கிற பலகை, ஐப்பசி மழைக்கு அகலும். எங்கள் வீட்டுப் பின்கதவு கார்த்திகையில் நிலையைக் கவ்விக்கொண்டு சித்திரையில் லொடலொடவென்று ஆடுவது இதனால்தான். இரண்டு ஓரத்திலும் ஆணி அடித்து இறுக்கினால் பலகை எங்கே போகும்? பிளக்கும். காடிக்குள் நிற்பதோ மழைக்காலத்தில் மேலே எழும்பும், கோடையில் தன் எடையாலேயே கீழே அமர்ந்துகொள்ளும். இடைவெளி முழுவதும் உச்சிக்குப் போய்விடுவதால் பலகைக்கும் பலகைக்கும் நடுவே நெல் ஒழுகாது. வேண்டுமானால் பலகைகளை உருவி எடுத்து வேறு அறைக்கு மாற்றலாம்.

இப்போது பழைய பத்தாயங்களை உடைத்து, பலகைக்கு வார்னிஷ் அடித்து டிவி ஸ்டாண்டு ஆக்குகிறார்கள். மரம் வீணாகவில்லை என்று பெருமை வேறு. காடி எடுத்த கால்கள் அடுப்புக்குப் போயிருக்கும். ஆசாரியின் மூளை இருந்ததே அந்தக் கால்களில்தான்.

நீங்கள் செய்யும்போது மேல் சட்டத்துக்கும் காடி எடுத்து, உச்சிப் பலகையின் ஓரத்தை அதற்குள் நுழையவிட்டு, மேலே விரற்கடை இடம் விடுங்கள். பலாவோ தேக்கோ, வைரம் பாய்ந்த பகுதியாகப் பார்த்து வாங்குங்கள். வைரம் பாயாத வெளிறில் மாவுச்சத்து இருக்கும். வண்டு துளைத்து உளுத்துப்போகும். நெல்லில் ஈரம் 14 சதவீதத்துக்கு மேல் இருந்தால் எவ்வளவு நல்ல பத்தாயத்திலும் பூசணம் பிடிக்கும். அதைக் களத்திலேயே காயப்போட்டு முடித்துவிடுங்கள்.