250 ரூபாய் ரிலே, 34,000 ரூபாய் பில்: பழைய கார் வெச்சிருக்கீங்களா? இதைப் படிச்சிடுங்க

வழக்கமா இங்க எஸ்ஐபி, பிஎஃப், வருமான வரின்னு பேசுவோம். இன்னிக்கு பேசப்போறது காரோட டெம்பரேச்சர் முள்ளைப் பத்தி. "ஆடிட்டருக்கு ரேடியேட்டர்ல என்ன வேலை?"ன்னு கேக்காதீங்க. இந்தக் கதையில தப்பான ஆலோசனை கொடுத்த ஆளே நான்தான்.

என் சித்தி பையனுக்கு 25 வயசு. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வேலை. போன வருஷம் 1,60,000 ரூபாய் கொடுத்து 2011 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக் ஒண்ணு செகண்ட் ஹேண்ட்ல வாங்கினான். கடன் இல்ல, முழுக்க அவன் சேமிப்பு. ஒரு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் செங்கல்பட்டுல இருந்து வந்துட்டு இருந்தவன், பெருங்களத்தூர் நெரிசல்ல மாட்டிக்கிட்டு எனக்கு ஃபோன் பண்ணான்.

"அண்ணா, முள்ளு ஹெச் கிட்ட போயிடுச்சு. ஓரமா நிறுத்தவா?"

"பழைய கார்ல மீட்டர் அப்படித்தான்டா காட்டும். தாம்பரம் வரைக்கும் வந்துடு, பாத்துக்கலாம்."

தாம்பரம் வர்றதுக்கு முன்னாடியே வண்டி நின்னுடுச்சு. ஹெட் கேஸ்கெட் போச்சு, சிலிண்டர் ஹெட் வளைஞ்சிடுச்சு. பில் 34,000 ரூபாய். கிரெடிட் கார்டுல தேய்ச்சு இஎம்ஐயா மாத்திக்கிட்டான். ஆரம்பத்துல கெட்டுப்போன பொருள் எது தெரியுமா? ரேடியேட்டர் ஃபேனோட ரிலே. விலை 250 ரூபாய்.

அந்த மெக்கானிக் அண்ணன் பக்கத்துல உக்காந்து நான் கத்துக்கிட்டதைத்தான் இங்க எழுதுறேன்.

முள்ளு பொய் சொல்லுதா, நிஜமாவே சூடா?

முள்ளு ஏறினா ரெண்டு காரணம் இருக்கலாம். ஒண்ணு, இன்ஜின் உண்மையிலேயே கொதிக்குது. இன்னொண்ணு, சென்சார், ஒயர், மீட்டர் இதுல ஏதோ ஒண்ணு தப்பா காட்டுது. ரெண்டாவதுன்னு நிரூபிக்கிற வரைக்கும் முதலாவதுன்னுதான் எடுத்துக்கணும். நான் அதைத் தலைகீழா எடுத்துக்கிட்டேன்.

நிரூபிக்கிறது கஷ்டமில்ல. ஸ்டியரிங்குக்குக் கீழ 16 பின் ஓபிடி சாக்கெட் இருந்தா, ஒரு சின்ன புளூடூத் ரீடர் வாங்கி மாட்டுங்க. இன்ஜின் கம்ப்யூட்டர் பாக்குற கூலன்ட் வெப்பநிலை மொபைல்லயே தெரியும். சூடான இன்ஜின்ல பொதுவா 85-லிருந்து 100 டிகிரிக்குள்ள இருக்கும். மொபைல் 92 காட்டுது, முள்ளு மட்டும் ஹெச்ல நிக்குதுன்னா மீட்டர் பக்கம் சந்தேகப்படலாம். சில பழைய கார்கள்ல மீட்டருக்கு ஒரு சென்சார், கம்ப்யூட்டருக்கு ஒரு சென்சார்னு தனித்தனியா இருக்கும். அதனால ஒண்ணு சரியாவும் இன்னொண்ணு தப்பாவும் காட்ட வாய்ப்பிருக்கு.

முள்ளு எந்த நேரத்துலயும் 'சி'யை விட்டு நகரலையா? சென்சார் ஒயர் கழண்டிருக்கலாம், இல்ல தெர்மோஸ்டாட் திறந்தபடியே மாட்டியிருக்கலாம். பெட்ரோல் முள்ளும் சேர்ந்து தாறுமாறா ஆடுதுன்னா மீட்டர் போர்டோட எர்த்தைப் பாக்கச் சொல்லுங்க.

ரொம்ப ஆபத்தானது ஒண்ணு இருக்கு. மேல போன முள்ளு திடீர்னு கீழ விழுந்தா "அப்பாடா, ஆறிடுச்சு"ன்னு நினைக்காதீங்க. கூலன்ட் முழுக்க வெளிய போயி, சென்சார் வெறும் காத்துல நிக்குதுன்னும் அர்த்தம் இருக்கலாம். உடனே நிறுத்துங்க.

எப்போ ஏறுது? இதுதான் பாதி பதில்

டிராஃபிக்ல ஏறி, ரோடு காலியாகி ஓட ஆரம்பிச்சதும் இறங்குதா? ஃபேன் மேல சந்தேகப்படுங்க. ஓடும்போது எதிர்க்காத்தே ரேடியேட்டரை ஆத்திடும். நிக்கும்போது ஃபேன் மட்டும்தான் கதி.

ஹைவேல ஏறுதா? அங்க காத்துக்குப் பஞ்சமில்ல. அப்போ கூலன்ட் குறைவு, அடைச்ச ரேடியேட்டர், வாட்டர் பம்ப், திறக்காத தெர்மோஸ்டாட் இதுல ஒண்ணு.

சித்தி பையன் கார்ல ரெண்டு வாரமாவே ஒரு அறிகுறி இருந்திருக்கு. ஓடும்போது ஏசி ஜில்லுன்னு வரும், சிக்னல்ல நின்னா காத்து சூடாயிடும். "கேஸ் குறைஞ்சிருக்கும்"னு விட்டுட்டான். ஒரே ஃபேன் ஏசிக்கும் ரேடியேட்டருக்கும் சேர்த்து ஓடுற சின்னக் கார்கள்ல இது ஃபேன் கொடுக்குற முதல் எச்சரிக்கை.

ஃபேனை சோதிக்கிற வரிசை

முதல்ல ஒரு எச்சரிக்கை. இன்ஜின் ஆஃப்ல இருந்தாலும் சில கார்கள்ல ஃபேன் திடீர்னு சுத்தும். கையை உள்ள விடாதீங்க.

1. இன்ஜினை ஸ்டார்ட் பண்ணி ஏசி போடுங்க. பெரும்பாலான கார்கள்ல கொஞ்ச நேரத்துல ஃபேன் சுத்தணும். ரெண்டு ஃபேன் இருக்கிற வண்டியில எது எதுக்குன்னு கேட்டுக்கோங்க.

2. ஏசிக்குச் சுத்துது, இன்ஜின் சூடானா மட்டும் சுத்தலையா? மோட்டார் நல்லாயிருக்கு. டெம்பரேச்சர் ஸ்விட்ச் அல்லது சென்சார் பக்கம் பாருங்க.

3. ரெண்டுக்குமே சுத்தலையா? ஃபியூஸைப் பாருங்க. அது சரின்னா, ஃபியூஸ் பாக்ஸ்ல அதே நம்பர் போட்ட வேற ரிலே இருக்கும், பல கார்கள்ல ஹாரன் ரிலே. அதை மாத்திப் போட்டுப் பாருங்க. ஃபேன் சுத்திடுச்சுன்னா ரிலேதான் குற்றவாளி.

4. அப்பவும் சுத்தலைன்னா, மெக்கானிக்கை விட்டு ஃபேன் மோட்டாருக்கு நேரா 12 வோல்ட் கொடுத்துப் பாக்கச் சொல்லுங்க. சுத்தினா ஒயரிங் கோளாறு. சுத்தலை, இல்ல தட்டினாத்தான் சுத்துதுன்னா மோட்டாருக்குள்ள கார்பன் பிரஷ் தேஞ்சிருக்கும்.

பணத்தை உறிஞ்சுற ரெண்டு 'ரிப்பேர்'

"தெர்மோஸ்டாட்டைக் கழட்டிடலாம் சார், நம்ம ஊருக்கு அது தேவையில்ல"ன்னு சிலர் சொல்லுவாங்க. கழட்டினா இன்ஜின் சரியான சூட்டுக்கே வராது. இன்னும் குளிர்ச்சியா இருக்குன்னு நினைச்சு கம்ப்யூட்டர் கூடுதலா பெட்ரோல் ஊத்தும். மிச்சம் பண்ண பார்ட் காசை மாசாமாசம் பங்க்ல கட்டுவீங்க.

ரெண்டாவது, கூலன்டுக்குப் பதில் குழாய்த் தண்ணி. இங்க பனி உறையாதுதான். ஆனா கூலன்ட் துருப்பிடிக்காமலும் காக்குது, கொதிநிலையையும் ஏத்துது. வெறும் தண்ணி ரேடியேட்டரை உள்ளேயே அரிச்சு அடைச்சிடும்.

இன்ஷூரன்ஸ் வருமா?

வராது. சாதாரண மோட்டார் பாலிசியில மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல் பிரேக்டவுன் விலக்கப்பட்ட பட்டியல்ல இருக்கு. இன்ஜின் புரொடெக்ட் ஆட்-ஆன் எடுத்திருந்தாலும், முள்ளு ஏறினதுக்கப்புறம் ஓட்டினதால வந்த சேதத்துக்குக் கேட்டா பிரச்சனைதான். உங்க பாலிசி வாசகத்தைப் படிச்சுப் பாருங்க.

எனக்கு வலிச்சது வேற. அவன் பாலிசியை அப்புறம் எடுத்துப் பாத்தேன். ரோடு சைடு அசிஸ்டன்ஸ் ஆட்-ஆன் இருந்துச்சு. அன்னிக்கு ஓரமா நிறுத்திட்டு ஒரு கால் பண்ணியிருந்தா டோ வண்டி வந்திருக்கும், கூடுதல் செலவில்லாம. அவனுக்கும் தெரியல, எனக்கும் ஞாபகம் வரல. இன்னிக்கே உங்க பாலிசியில அந்த நம்பரைத் தேடி மொபைல்ல சேவ் பண்ணுங்க.

நடு ரோட்ல முள்ளு ஏறினா

ஏசியை ஆஃப் பண்ணுங்க. ஹீட்டரை முழு சூட்டுல, புளோவரை முழு வேகத்துல வைங்க; ஹீட்டரும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான், கொஞ்சம் சூட்டை வெளிய இழுக்கும். அப்படியே ஓரங்கட்டி இன்ஜினை நிறுத்துங்க. ரேடியேட்டர் மூடியைத் தொடாதீங்க, அழுத்தத்துல இருக்கிற கொதிநீர் முகத்துல அடிக்கும். பச்சைத் தண்ணியை இன்ஜின் மேல ஊத்தாதீங்க. முழுசா ஆறினப்புறம்தான் கூலன்ட் அளவு பாக்கணும்.

கணக்கு

பழைய கார் வாங்கினா வாங்குற விலையோட செலவு முடியாது. மாசம் 1,500 ரூபாய் தனி ஆர்டியில போடுங்க. வருஷத்துக்கு 18,000 ரூபாய் சேரும். ரிப்பேர் வந்தா கார்டைத் தேய்க்க வேண்டாம். சித்தி பையனுக்கு அந்த ஆர்டியை நானே ஆரம்பிச்சுக் கொடுத்தேன். முதல் ஆறு மாசத் தவணை என் கணக்குல இருந்து போகுது. தப்பான ஆலோசனைக்கு ஆடிட்டரும் ஃபீஸ் கட்டணும் இல்லையா?

இப்பல்லாம் அவன் ஃபோன் பண்ணி "அண்ணா, முள்ளு..."ன்னு ஆரம்பிச்சாலே நான் சொல்றது ஒரே வார்த்தைதான்: "நிறுத்துடா."