நுண்கட்டுப்படுத்திக்கு ஏற்ற பேசிக் தொகுப்பி

கணிப்பொறி என்றவுடன் மேசைமீதுள்ள பெட்டியே நம் நினைவுக்கு வருகின்றது. ஆயின், சலவை இயந்திரத்துள்ளும் தொலைக்காட்சியின் ரிமோட்டினுள்ளும் சிறு சில்லு வடிவில் ஒரு கணிப்பொறி மறைந்திருந்து பணியாற்றுகின்றது. அதனை மைக்ரோகண்ட்ரோலர் என்றும், தமிழில் நுண்கட்டுப்படுத்தி என்றும் வழங்குகின்றோம். முத்தியால்பேட்டை வீடொன்றில் மேல்நிலைத் தொட்டி நிரம்பியதும் மோட்டாரைத் தானே நிறுத்தும் கருவியை ஒரு மாணவர் செய்ய விழைந்தால், அதன் மூளையாக இத்தகைய சில்லு ஒன்றே போதும். அதற்குக் கட்டளையிடும் தொகுப்பியைத் தேர்ந்தெடுக்கும் முறையை ஈண்டுக் காண்போம்.

எளிய மொழி

பேசிக் மொழி 1964ஆம் ஆண்டு அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரியில் கெமனி, கர்ட்ஸ் என்னும் பேராசிரியர் இருவரால் உருவாக்கப்பட்டது. அறிவியல் பயிலாத மாணவரும் கணிப்பொறியைக் கையாள வேண்டும் என்பதே அவர்தம் நோக்கம். எனவே, இலக்கியம் பயிலும் நம் மாணவர்க்கும் இம்மொழி அயலானதன்று.

துபாஷியும் மொழிபெயர்ப்பாளரும்

சில்லு அறிந்தது எண்களாலான பொறிமொழி ஒன்றே. பேசிக் ஆணைகளை அதற்கு உணர்த்த இரு வழிகள் உள்ளன. ஆளுநர் தூப்ளேயின் துபாஷியாக விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளையைப் புதுவை மக்கள் நன்கறிவர். துபாஷி உடனிருந்து, பேச்சு நிகழும்போதே மொழிபெயர்த்துரைப்பார். இண்டர்பிரெட்டர் என்பது அத்தகையது. 1992இல் பாரலாக்ஸ் நிறுவனம் வெளியிட்ட பேசிக் ஸ்டாம்ப் இவ்வகையினது. அது நொடிக்கு ஏறத்தாழ 2000 பேசிக் ஆணைகளையே நிறைவேற்றியது.

கம்பைலர் எனப்படும் தொகுப்பியோ, நூல் முழுவதையும் முன்னரே மொழிபெயர்த்துத் தந்துவிட்டு விலகிக்கொள்ளும் மொழிபெயர்ப்பாளரை ஒக்கும். சில்லில் பொறிமொழி மட்டுமே தங்கும். ஆகவே வேகம் மிகும். பிக் 16எஃப்84 என்னும் சிறு சில்லுகூட 4 மெகாஹெர்ட்ஸ் துடிப்பில் நொடிக்கு ஏறத்தாழ 10 இலட்சம் பொறியாணைகளை நிறைவேற்ற வல்லது.

தேர்வுக்குரிய அளவுகோல்கள்

முதலாவது, கையிலுள்ள சில்லு. பாஸ்காம்-ஏவிஆர் என்னும் தொகுப்பி ஏவிஆர் இனச் சில்லுகளுக்கு உரியது. பிக்பேசிக், பிக் இனத்திற்கு உரியது. கிரேட் கௌ பேசிக் இவ்விரு இனங்களுக்கும் பொருந்தும். சில்லைத் தீர்மானித்த பின்னரே தொகுப்பியை நாட வேண்டும்.

இரண்டாவது, இடம். பிக் 16எஃப்84இல் 1024 ஆணைகளுக்கும் 68 பைட் தரவுக்குமே இடமுண்டு. ஏடிமெகா328இலோ நிரலுக்கு 32 கிலோபைட்டும், தரவுக்கு 2 கிலோபைட்டும் உள்ளன. ஒரே சிறு நிரலை இரு தொகுப்பிகளில் இட்டு, எது குறைந்த இடம் கொள்கின்றது என ஒப்பிடுதல் நன்று. பின்ன எண் கணக்கு மிகுந்த இடத்தை விழுங்கும். 27.5 பாகை வெப்பத்தை 275 என முழு எண்ணாகக் கொண்டால் அவ்விடம் மிச்சமாகும்.

மூன்றாவது, உரிமை. பாஸ்காம்-ஏவிஆரின் இலவச வடிவம் 4 கிலோபைட் வரையிலான நிரலையே ஏற்கும். தொட்டிக் கருவிக்கு இது தாராளம், பெருங்கருவிக்குப் போதாது. கிரேட் கௌ பேசிக்கிற்குக் கட்டணமில்லை. அதன் மூலநிரலும் யாவர்க்கும் திறந்துள்ளது.

இம்மூன்றாவது அளவுகோலையே நாம் வற்புறுத்த விரும்புகின்றோம். பேசிக் என்னும் பெயர் ஒன்றாயினும், தொகுப்பிதோறும் அதன் வழக்கு வேறுபடும். ஒன்றில் எழுதியது மற்றொன்றில் அப்படியே செல்லாது. மூலநிரலை மறைத்து விற்கும் நிறுவனம் தன் பணியை நிறுத்திவிட்டால், புதிய சில்லுகளுக்கு அத்தொகுப்பி உதவாது. மாணவரின் பன்மாத உழைப்பும் அதனோடு முடங்கும். விலை கொடுக்க இயலாமையால் களவுப் பிரதியை நாடுவதும் முறையன்று. ஆகவே, தொடக்கநிலையினர் திறந்த தொகுப்பியில் பயின்று, அதன் எல்லையை உணர்ந்த பின்னரே விலையுள்ளதை வாங்குதல் சாலச் சிறந்தது. தொழிற்சாலைகளில் சி மொழியே பெரிதும் வழங்குவதால், வேலை நாடுவோர் பேசிக்கை முதற்படியாகக் கொண்டு அதனையும் கற்றல் வேண்டும்.

மோட்டாருக்குச் செல்வது 230 வோல்ட் மின்சாரம். அவ்விணைப்பை மட்டும் தேர்ந்த மின்பணியாளரிடமே விடுதல் வேண்டும்.

சில்லில் நிரலைப் பதிக்கும் கருவி ஒன்றையும் சில சில்லுகளையும் கல்லூரியில் பொதுவில் வைத்தால், மாணவர் பலர் மாறி மாறிப் பயில இயலும். ஆசிரியப் பெருமக்களும் சமுதாயப் பெரியோரும் இதற்குத் துணைநிற்பின், பொருளில்லை என்பதற்காக ஒரு மாணவரின் ஆர்வம் கருகிவிடும் நிலை நேராது.