சொல்லித் தைத்த உடை

ஆயத்த உடைகள் மலிந்த இக்காலத்தில், ஒருவர் தம் உடலுக்கென ஓர் உடையைத் தைப்பிப்பதற்காகப் பல வாரம் காத்திருப்பாராயின், அதனை வீண் ஆடம்பரம் என்றே பலரும் எண்ணுவர். அவ்வுடையினுள் மறைந்து கிடக்கும் உழைப்பை அறிந்தோரோ அவ்வாறு எளிதிற் கூறிவிடார்.

இலண்டன் மாநகரின் மேபெயர் பகுதியில் சவில் றோ என்றொரு சிறு தெரு உண்டு. ஹென்றி பூல் என்னும் தையற்கலைஞர் 1846 ஆம் ஆண்டில் தந்தையாரின் தொழிலைப் பொறுப்பேற்று, கடையின் வாயிலை அத்தெருப் பக்கம் திறந்தார். மன்னரும் பிரபுக்களும் அவரை நாடினர். காலப்போக்கில் அத்தெருவின் பெயரே தையற்கலைக்கு மறுபெயராயிற்று.

அங்கு தைக்கப்படும் உடைக்கு 'பிஸ்போக்' என்று பெயர். ஒருவர் தெரிந்தெடுத்த துணியை, 'இஃது இன்னாருக்கெனப் பேசி வைக்கப்பட்டது' என்று ஒதுக்கி வைத்த வழக்கிலிருந்து அச்சொல் பிறந்தது என்பர். தட்டாரிடம் சொல்லிச் செய்வித்த நகை என்று நம் வீடுகளிற் கூறுகின்றோம் அன்றோ? அது போன்றதே இதுவும்.

முதலில், துணி வெட்டுபவர் இருபதுக்கு மேற்பட்ட அளவுகளை எடுப்பார். அளவுநாடா காட்டாதவற்றை அவர் கண் காணும். ஒரு தோள் சற்றுத் தாழ்ந்திருக்கும். முதுகு சிறிது கூனியிருக்கும். இவற்றையெல்லாம் மனத்திற் கொண்டு, அம்மனிதருக்கே உரிய மாதிரியைத் தடித்த தாளில் வரைந்து வெட்டுவார். அத்தாள் கடையிற் பேணி வைக்கப்படும். பின்னர் கோட்டினை ஒருவரும், காற்சட்டையை வேறொருவரும் தைப்பர்.

கோட்டின் உயிர் அதன் உட்புறத்தே உள்ளது. மேற்றுணிக்கும் உட்டுணிக்கும் இடையே, கம்பளி நூலும் குதிரை மயிரும் கலந்து நெய்த கான்வஸ் வைக்கப்படுகின்றது. மார்பின்மேல் மடிந்து விழும் பகுதியைக் கையில் வளைத்துப் பிடித்தவாறே, நூற்றுக்கணக்கான நுண்ணிய தையல்களால் இரண்டையும் இணைப்பர். அதனாலேயே அம்மடிப்பு இயல்பாகச் சுருண்டு நிற்கின்றது. மலிவான உடைகளிலோ, பசையும் வெப்பமும் கொண்டு ஒரு கணத்தில் ஒட்டிவிடுவர். அப்பசை விட்டுப்போனால் துணியிற் குமிழிகள் எழும்.

முதன்முறை அணிந்து பார்க்கும்போது கோட்டு வெள்ளை நூலோட்டத்தில் மட்டுமே நிற்கும். குறைகளைச் சுண்ணக்கட்டியாற் குறித்தபின், முழுவதையும் பிரித்து மீண்டும் வெட்டுவர். பிற்காலத்தில் உடல் பருத்தால் விரித்துத் தைக்கலாம் என்று, மூட்டுகளின் உள்ளே மேலதிகத் துணியையும் விட்டு வைப்பர். பொத்தான் துளைகளும் பட்டு நூலாற் கையினாலேயே கட்டப்படும்.

அக்காலத் தையற்காரர் பலகைமீது சம்மணமிட்டே தைத்தனர். மனித உடலின் மிக நீண்ட தசை தொடையில் உள்ளது. அதன் பெயர் சாட்டோரியஸ். தையற்காரரைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. சம்மணமிடுகையில் தொழிற்படுவது அத்தசையே. உயிரியல் பயிலும் மாணவர் இதனை நினைவிற் கொள்க.

இத்தகைய உழைப்புக்கு 2008 ஆம் ஆண்டில் ஒரு சோதனை நேர்ந்தது. இயந்திரத்தால் தைத்த உடைகளை ஒரு நிறுவனம் 'பிஸ்போக்' என விளம்பரம் செய்தது. முறைப்பாடு எழுந்தபோது, பிரித்தானிய விளம்பரத் தர அமைப்பு அம்முறைப்பாட்டை ஏற்கவில்லை. பிஸ்போக் உடை முற்றிலும் கையாலேயே தைக்கப்பட்டது என்று பொதுமக்கள் எதிர்பார்ப்பதில்லை என்பதே அதன் கருத்து. சவில் றோவின் தையற்கலைஞர் சங்கமோ, ஓர் உடைக்குக் குறைந்தது 50 மணி நேரக் கையுழைப்பு வேண்டும் என்று விதித்துள்ளது. இரண்டு உடைகளும் ஒரே பெயரால் வழங்குமாயின், அவ்வுழைப்பை எவர் அறிவார்? அறியாத ஒன்றுக்கு எவர் விலை கொடுப்பார்? விலை கிட்டாத தொழிலை எந்த இளைஞன் கற்க முன்வருவான்?

அத்தெருவிற் சொல்லித் தைக்கும் வசதி நம்மிற் பெரும்பாலோருக்கு இல்லை. ஆயினும் அடுத்த முறை ஒரு சட்டையை வாங்குமுன், அதனைப் புறம் திருப்பி உள்தையலை ஒருகணம் நோக்குங்கள். தைத்தவரின் நேர்மை அங்கேதான் எழுதப்பட்டிருக்கும்.