ரஞ்சன்குடி: பாறையும் பாதையும்

பெரம்பலூருக்கு வடக்கே ஏறத்தாழ 17 கிலோமீட்டர் தொலைவில், சென்னை–திருச்சி நெடுஞ்சாலையை ஒட்டியிருக்கிறது ரஞ்சன்குடி. சுற்றிலும் மானாவாரி நிலம். பருத்தி, மக்காச்சோளம், சின்ன வெங்காயம் விளைகிற பூமி. அந்தச் சமவெளியில் தனித்து எழும் ஒரு பாறைக்குன்றுதான் இச்சிற்றூரின் வரலாற்றைத் தீர்மானித்தது. ஆற்காட்டிலிருந்து திருச்சிக்குப் படை நடத்துகிறவர் யாராயினும் இந்தப் பக்கமாகத்தான் போகவேண்டும். குன்றின் மேல் நிற்பவர் கண்ணுக்குத் தப்ப முடியாது.

சில கிலோமீட்டர் தெற்கே உள்ள வாலிகண்டபுரம், 17ஆம் நூற்றாண்டில் பீஜப்பூர் சுல்தானின் ஆளுநரான ஷேர்கான் லோடியின் தலைமையிடம். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் குடியேற இடமளித்தவர் அவரே. 1677இல் சிவாஜியின் படையிடம் அவர் தோற்றார். ரஞ்சன்குடிக் கோட்டையும் அதே நூற்றாண்டில், ஜாகிர்தார் ஒருவரால் கட்டப்பட்டதாகக் கருதப்படுகிறது. ஜாகிர் என்பது அரசுக்குச் செய்யும் சேவைக்கு ஈடாகக் கிடைத்த நிலவருவாய். தமிழகத்துப் பாளையக்காரர்களும் ஏறக்குறைய இப்படித்தான் வாழ்ந்தார்கள்: கையில் ஆயுதம், காலடியில் நிலம், தொலைவில் ஓர் அரசு.

கோட்டை மூன்று அடுக்குகளாக ஏறுகிறது. அடியில் அகழி, அதையொட்டி வெட்டுக்கற்களை அடுக்கிய மதிலும் அரைவட்டக் கொத்தளங்களும். பல இடங்களில் பாறையே அடித்தளம். அதற்கு மேல் ஒரு மதில், உச்சியில் இன்னொன்று. கீழ்ப்பகுதியைப் பேட்டை என்றும் மேற்பகுதியைக் கோட்டைமேடு என்றும் சொல்வார்கள்.

1749இல் ஆம்பூர்ப் போரில் ஆற்காட்டு நவாப் அன்வாருதீன் கொல்லப்பட்டபின், அவர் மகன் முகமது அலிக்கு ஆங்கிலேயரும், நவாப் பதவிக்குப் போட்டியிட்ட சந்தா சாகிப்புக்குப் பிரெஞ்சுக்காரரும் துணை நின்றனர். 1751 கோடையில் இரு படைகளும் இங்கே எதிர்ப்பட்டன. கோட்டைத் தலைவர் எந்தப் பக்கமும் சாயாமல் பேச்சை வளர்த்தார். பொறுமையிழந்த ஆங்கிலேயர் கோட்டையடி ஊரைத் தாக்கித் தீவைத்தனர்; கோட்டை விழவில்லை. பிறகு பிரெஞ்சுப் படை நெருங்கியதும் அதற்கே கதவு திறந்தது. ஆங்கிலேய வீரர்கள் பீதியில் கலைந்தார்கள். தளபதி ஜிஞ்சென்ஸும், அப்போது படைக்கு உணவு வழங்கும் பொறுப்பிலிருந்த ராபர்ட் கிளைவும் தடுத்தும் அவர்கள் நிற்கவில்லை. ஊட்டத்தூர் வழியாகத் திருச்சிக்குப் பின்வாங்கினார்கள். சில வாரங்களில் கிளைவ் ஆற்காட்டைப் பிடித்ததைப் பாடநூல்கள் விரிவாகச் சொல்கின்றன. அதற்கு முந்தைய இந்தத் தோல்விக்கு அவற்றில் உரிய இடம் இல்லை. எரிந்துபோன கோட்டையடி ஊருக்கோ, சொல்ல ஒருவருமில்லை.

இன்று கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. நெடுஞ்சாலையில் பயணம் செய்கிறவர்கள் ஒரு மணி நேரம் ஒதுக்கி ஏறிப் பார்க்கலாம். சுவரில் பெயர் கிறுக்காமல் இறங்கினால், அடுத்து வருகிறவருக்கும் அது முழுதாகக் கிடைக்கும்.