நவமணிகளும் யாழ்ப்பாணத்து மக்கட்பெயரும்

பெயர் என்பது ஒருவரைப் பிறரினின்றும் பிரித்தறிதற்கு இடப்படுங் குறி மட்டுமன்று. அதனை இட்டோருடைய விருப்பமும் வழிபாடும் வாழிடமும் அதனுட் பொதிந்து கிடக்கின்றன. யாழ்ப்பாணத்துப் பழைய பாடசாலை ஒன்றன் வரவு இடாப்பை எடுத்து நோக்கின், முத்துத்தம்பி, மாணிக்கம், இரத்தினம், நவரத்தினம், பவளம், மரகதம் என்னும் பெயர்கள் பல காணப்படும். இப்பெயர்களைத் தம் மக்கட்கு இட்டோருட் பெரும்பாலார் தோட்டத்தையும் வயலையும் பனையையும் நம்பி வாழ்ந்தோர். விலையுயர்ந்த மணிகளை அணிந்தோரல்லர். எனவே இப்பெயர்களைச் செல்வப் பெருமையாற் பிறந்தன எனக் கொள்ளுதல் பொருந்தாது. அவை எவ்வாறு தோன்றின என்பதை ஈண்டு நோக்குவாம்.

நவமணிகளாவன மாணிக்கம், முத்து, பவளம், மரகதம், புட்பராகம், வைரம், நீலம், கோமேதகம், வைடூரியம் என்பன. இவற்றின் இயல்பைத் தமிழ்ப் புலவர் நன்கறிந்திருந்தனர். சிலப்பதிகாரத்து ஊர்காண் காதை மதுரை மணிக்கடை வீதியை வருணிக்குமிடத்து அவற்றின் குணங்குற்றங்களைக் கூறும். கண்ணகியின் சிலம்பினுள் மாணிக்கமும், பாண்டிமாதேவியின் சிலம்பினுள் முத்தும் இருந்தமையே அக்காப்பியத்தின் வழக்கைத் தீர்த்தது. பரஞ்சோதி முனிவர் திருவிளையாடற் புராணத்தில் மாணிக்கம் விற்ற படலமென ஒரு படலமே அமைத்தார்.

இவ்வொன்பதனுள்ளும் மக்கட்பெயராக மிகப் பரந்து வழங்குவது முத்து. அதற்குக் காரணம் அண்மையிலேயே உளது. மன்னார்க் கடலின் முத்துச்சலாபம் மிகப் பழமையானது. 1905ஆம் ஆண்டில் மட்டும் 8 கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் அங்கு எடுக்கப்பட்டன. ஏனைய மணிகள் மலைநாட்டினின்றும் பிறநாட்டினின்றும் வந்தனவாக, முத்தொன்றே வடபுலத்தார் தங் கடலிற் கண்ட மணியாயிற்று. முத்து என்னுஞ் சொல்லை வடமொழி 'முக்தா' என்பதன் திரிபென்பர் ஒருசாரார். முதிர்ச்சியைக் குறிக்கும் தமிழடியிற் பிறந்ததென்பர் மற்றொருசாரார். எவ்வாறாயினும், வேப்பமுத்து, ஆமணக்கமுத்து என வித்தையும் அது குறிக்குமாதலின், உழவர் வாய்க்கு அது புதிய சொல்லன்று.

முத்தையும் தெய்வத்தையும் சேர்த்து எண்ணியமை இப்பெயரை மேலும் வளர்த்தது. சோழநாட்டுப் புள்ளிருக்குவேளூரில் எழுந்தருளிய முருகப்பெருமான் முத்துக்குமாரசுவாமி எனப்படுவர். அப்பெருமான்மீது குமரகுருபர சுவாமிகள் பிள்ளைத்தமிழ் பாடினர். முருக வழிபாடு ஓங்கிய யாழ்ப்பாணத்தில் முத்துக்குமாரு, முத்துவேலு என்பன இவ்வழி வந்தவை. அம்மை நோயின் கொப்புளத்தையும் முத்தென்றே வழங்குதல் மரபு. அந்நோயைத் தருபவளும் தணிப்பவளும் முத்துமாரியம்மையே என மக்கள் கருதினர். வைத்தியம் கைகொடாத காலத்தில் அம்மையின் பெயரைக் குழந்தைக்கு இடுதல் அணியன்று, அடைக்கலம். 1874ஆம் ஆண்டிற் 'சேர்' பட்டம் பெற்ற முத்துக்குமாரசுவாமியும், 1902ஆம் ஆண்டில் அபிதான கோசத்தை வெளியிட்ட ஆ. முத்துத்தம்பிப்பிள்ளையும் இப்பெயர்க்குப் பெருமை தேடித் தந்தோராவர்.

முத்திற்கு அடுத்து நிற்பன மாணிக்கமும் இரத்தினமும். மாணிக்கம் செம்மணி, இரத்தினமோ மணிகட்கெல்லாம் பொதுப்பெயர். 1344ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்த மொரோக்கோ நாட்டு யாத்திரிகர் இபின் பத்தூத்தா, ஆரியச்சக்கரவர்த்தியிடம் உள்ளங்கை அகலமுள்ள மாணிக்கக் கிண்ணமொன்றைக் கண்டதாக எழுதியுள்ளார். ஆயினும் குடிமக்களிடையே இப்பெயர் பரவியது அரசன் பொருளாலன்று, சமயத்தாலேயாம். திருமருகலில் இறைவன் மாணிக்கவண்ணர். திருச்சிராப்பள்ளி மலையடியில் விநாயகர் மாணிக்க விநாயகர். திருவாசகம் அருளியவர் மாணிக்கவாசகர். இவற்றையெல்லாம் நாளும் ஓதுவோர் வீட்டில் மாணிக்கம் என்னும் பெயர் ஆண் பெண் இருபாலார்க்கும் இடப்பட்டது.

இரத்தினம் பிற சொற்களோடு கூடி இராசரத்தினம், குணரத்தினம், செல்வரத்தினம், சிவரத்தினம் என விரியும். நவரத்தினம் என்பது ஒன்பது மணிகளையும், விக்கிரமாதித்தன் அவையிலிருந்தோராகக் கூறப்படும் ஒன்பது புலவரையும் ஒருங்கே நினைப்பிப்பது. கலைப்புலவர் க. நவரத்தினம், தமிழறிஞரும் நாடாளுமன்ற உறுப்பினருமாயிருந்த கா. பொ. இரத்தினம் ஆகியோரை இப்பெயருடையார்க்கு எடுத்துக்காட்டாகக் கூறலாம். சிங்கள மக்களிடையேயும் குணரத்தின, செயரத்தின, விசயரத்தின என்பன வழங்குகின்றன. கண்டிப் பெண்கள் பெயரில் வரும் 'மெனிக்கே' என்பது மாணிக்கத்தோடு உறவுடைய சொல்லே. மொழி வேறாயினும் பெயர்ச்சுரங்கம் ஒன்றென்பது இதனாற் புலனாகும்.

பவளமும் மரகதமும் பெண்பாற் பெயர்களாகவே பெரிதும் வழங்குவன. தீவகக் கரைகளில் முருகைக்கல் மிகுதியாயினும், அணிகலனாகுஞ் செம்பவளம் மத்தியதரைக் கடலினின்றும் கப்பலேறி வந்தது. உரோமர் முத்தை மதித்தவாறே இந்தியர் பவளத்தை மதித்தனர் எனப் பிளினி என்னும் உரோம ஆசிரியர் குறித்துள்ளார். மரகதம் கிரேக்கச் சொல்லாகிய 'ஸ்மரக்தோஸ்' என்பதோடு உறவுடையது. ஸ்பானியர் மகளிர்க்கிடும் எஸ்மரால்டா என்னும் பெயர் அதன் வழியதே. மார்க்கரெட் என்னும் பெயர் கிரேக்க மொழியில் முத்தைக் குறிக்குஞ் சொல்லினின்றும் வந்தது. ஆகவே ஓரூரில் வாழும் மார்க்கரெட்டும் முத்தம்மாவும் பொருளால் ஒருபெயரினரே. வைடூரியத்தின் வரலாறு இன்னும் வியப்புடைத்து. அச்சொல் கிரேக்கர் வாயிலாக மேனாடு சென்று, ஆங்கிலப் பெண்கட்குப் 'பெரில்' என்னும் பெயராயிற்று. பிறந்த நாட்டிலோ அது மக்கட்பெயராதல் அரிது.

நீலம், கோமேதகம், வைடூரியம் என்பன பெயராகப் பெரிதும் வழங்காமைக்குக் காரணம் யாது? இவை முறையே சனி, இராகு, கேது என்னுங் கோள்கட்குரியன எனச் சோதிட நூலார் கொள்வர். சாதகம் பார்த்துப் பெயரிடுவோர் இவற்றை விலக்கியிருத்தல் இயல்பே. எனினும் வியாழனுக்குரிய புட்பராகமும் பெயராக வழங்காமையின் இக்காரணம் ஒன்றே முழுதும் அமையாது. ஓசை நீட்டமும் உடன் காரணமாகலாம். நீலாம்பிகை, நீலகண்டன் என்பவற்றில் வரும் நீலமோ நிறமேயன்றிக் கல்லன்று.

ஆயினும் நீலக்கல் முற்றும் மறைந்துவிடவில்லை. பழந்தமிழில் 'மணி' என்பது பல விடத்தும் நீலமணியையே குறிக்கும். மணிமிடற்றன் என்பது நீலமணிபோலுங் கழுத்தையுடைய சிவன். மணிவண்ணன் என்பது அந்நிறத்தையுடைய திருமால். இலங்கை உலகறியப் புகழ்பெற்ற நீலக்கல், இவ்வாறு மணி என்னும் போர்வையுள் மறைந்து நம்மவர் பெயரில் வாழ்கின்றது.

இனி, மணிப்பெயர் போலத் தோன்றி மயக்குவனவும் உள. சுப்பிரமணியம் என்பதைச் சுருக்கி மணியம் என அழைப்பர். அங்கே மணி இல்லை. நன்மை குறிக்கும் 'சு' என்பதும் 'பிரமண்ணியம்' என்னும் வடசொல்லுமே உள்ளன. மணியகாரன் என்பதிலுள்ள மணியமோ மேற்பார்வை உத்தியோகத்தைக் குறிப்பது. வைரவநாதன், வைரவப்பிள்ளை என்பவற்றில் வைரக்கல் இல்லை. ஊர்தோறும் கோயில்கொண்ட வைரவக் கடவுளே உள்ளார். நடிகமணி வி. வி. வைரமுத்துவின் பெயரிலோ வைரமும் முத்தும் சேர்ந்து ஒளிர்கின்றன.

எழுத்துப் பிழையாற் பொருள் மறைதலும் உண்டு. ரகரம் தமிழிற் சொன்முதலாகாமையின் முன்னோர் இகரஞ் சேர்த்து இரத்தினம் என எழுதினர். அரதனம் என்னும் வடிவும் நூல்களில் உண்டு. இந்நாளிற் பலர் 'ரட்ணம்' என எழுதுகின்றனர். இவ்வடிவு தமிழிலக்கணத்திற்கும் பொருந்தாது; 'ரத்ந' என்னும் வடமொழி மூலத்திற்கும் பொருந்தாது.

இப்பெயர்கள் இக்காலத்துக் குழந்தைகட்கு அரிதாகவே இடப்படுகின்றன. ஆயினும் அவை வேறொரு வழியால் நிலைபெற்றுள்ளன. தந்தை பெயரின் முதலெழுத்தைத் தம் பெயர்க்கு முன் வைப்பதே யாழ்ப்பாண வழக்கு. குடும்பப்பெயர் என ஒன்று இருந்ததில்லை. 1983ஆம் ஆண்டின் வன்செயல்களுக்குப் பின்னர் கனடா, பிரித்தானியா முதலிய நாடுகளிற் குடியேறினோர்க்கு, அந்நாட்டு முறைப்படி, தந்தை பெயரே பல குடும்பங்களிற் குடும்பப்பெயராயிற்று. ஒரு தலைமுறையோடு நின்றிருக்க வேண்டிய நவரத்தினமும் மாணிக்கமும் இவ்வாறு பேரர்க்கும் பேரர் பிள்ளைகட்கும் உரியனவாகின்றன. அவருட் பலர்க்கு அவை பொருளறியா ஒலிகளாய் அமைதல் கூடும். பெற்றோர் அவற்றின் பொருளையும், அவை கோயிலோடும் கடலோடும் கொண்ட தொடர்பையும் பிள்ளைகட்கு எடுத்துரைப்பாராயின், நகைப்பேழையில் மணியொன்றும் இல்லாத வீடுகளில் முன்னோர் ஈட்டிவைத்த செல்வம் அழியாது நிற்கும்.