டீச்சரோட ஷாப்பிங் கார்ட்: நவம்பர் சேல்ல எதை வாங்கலாம், எதை விடலாம்?

நவம்பர் கடைசி வாரம் அமெரிக்காவுல என்ன நடக்கும்னு உங்களுக்கே தெரியும். நான்காவது வியாழக்கிழமை தேங்க்ஸ்கிவிங், மறுநாள் பிளாக் ஃப்ரைடே, அடுத்த திங்கள் சைபர் மண்டே. டிவி, போன், ஷூ எல்லாம் தள்ளுபடியில பறக்கும். அதே நாட்கள்ல இன்னொரு கூட்டமும் கார்ட்டை நிரப்பிக்கிட்டு இருக்கும். அது பள்ளி ஆசிரியர்கள். வீட்டுக்கு வாங்குறதோட நிக்காம, வகுப்பறைக்கும் சேர்த்து வாங்குறாங்க, அதுவும் சொந்தக் காசுல. இன்னைக்கு ஆங்கில ஆசிரியர்களை மட்டும் எடுத்துக்கறேன். எந்தப் பொருள் உண்மையிலேயே லாபம், எது வெறும் தள்ளுபடி மயக்கம்னு பார்த்துடலாம்.

ஏன் சொந்தக் காசு?

ஸ்கூல் வாங்கித் தராதான்னு கேப்பீங்க. கொஞ்சம் தரும், ஆனா போதாது. அமெரிக்கக் கல்வித் துறையின் புள்ளிவிவர மையம் 2014-15 கல்வியாண்டைப் பற்றி ஒரு கணக்கு வெளியிட்டது. அரசுப் பள்ளி ஆசிரியர்கள்ல 94 சதவீதம் பேர், திரும்பக் கிடைக்காத சொந்தப் பணத்தை வகுப்பறைக்காகச் செலவு செஞ்சிருக்காங்க. அப்படிச் செலவு செஞ்சவங்களோட சராசரி 479 டாலர்.

இதுக்கு வரிச் சலுகை உண்டு. 2002-லிருந்து 250 டாலர் வரைக்கும் வருமானத்துல கழிச்சுக்கலாம்னு இருந்தது, 2022 வரி ஆண்டுல அது 300 டாலர் ஆச்சு. கல்வியாண்டுல குறைஞ்சது 900 மணி நேரம் வேலை செஞ்சிருக்கணும். இங்கதான் பலரும் தப்பாப் புரிஞ்சுக்கறாங்க. 300 டாலர் கையில திரும்பி வராது. வரி போடுற வருமானத்துலதான் 300 குறையும். 12 சதவீத வரிப் படியில இருக்கிறவருக்கு மிச்சம் 36 டாலர், 22 சதவீதத்துல இருந்தா 66 டாலர். மீதி அவரோட பணம்தான். அதனாலதான் இந்த சேல் அவங்களுக்கு முக்கியமாகுது. அதனாலயே கவனமாவும் இருக்கணும்.

பாடத்தை விலைக்கு விற்கும் சந்தை

ஆங்கில ஆசிரியரோட கார்ட்டுல இருக்கறதுல பாதி, கையில தொட முடியாத பொருள். ஒரு நாவலுக்கான கேள்வித்தாள், கட்டுரை எழுதப் பழக்கும் பயிற்சித்தாள், இலக்கணத்துக்கான ஸ்லைடுகள் எல்லாம் பிடிஎஃப்-ஆ இருக்கும். இதுக்கான பெரிய சந்தை ‘டீச்சர்ஸ் பே டீச்சர்ஸ்’. நியூயார்க்ல ஆசிரியரா இருந்த பால் எடெல்மேன் 2006-ல ஆரம்பிச்சது. ஒரு ஆசிரியர் தயாரிச்சதை இன்னொரு ஆசிரியர் வாங்கலாம். 2023-ல இதை ஐஎக்ஸ்எல் லேர்னிங் நிறுவனம் வாங்கிடுச்சு.

இங்க சைபர் மண்டே சேல் ரொம்பப் பிரபலம். வழக்கமான அமைப்பு இதுதான்: விற்பவர் தன் கடையில 20 சதவீதம் வரை குறைப்பார், தளம் தரும் கோடையும் போட்டா மொத்தத் தள்ளுபடி 25 சதவீதம் வரை போகும். எல்லாக் கடையும் சேர்ந்துக்கணும்னு இல்ல. கோடைப் போட மறந்தா அந்தக் கூடுதல் தள்ளுபடியும் கிடைக்காது.

இப்ப ஒரு கணக்கு போடுவோம். ஒரு பண்டில்ல 10 பாடங்கள், விலை 40 டாலர்னு வைங்க. 25 சதவீதம் போக 30 டாலர், பாடத்துக்கு 3 டாலர். மலிவுதானே? ஆனா ஜூனுக்குள்ள நீங்க நடத்தப்போறது அதுல ரெண்டே ரெண்டுன்னா, ஒரு பாடத்துக்கு 15 டாலர் ஆயிடுது. அதனால சேல்ல கேட்க வேண்டிய கேள்வி ‘எவ்வளவு தள்ளுபடி’ இல்ல, ‘இதை எந்த வாரம் நடத்தப்போறேன்’ங்கறதுதான். தேங்க்ஸ்கிவிங் முடிஞ்சா குளிர்கால விடுமுறைக்கு மூணு, நாலு வாரம்தான் இருக்கும். ஜனவரியிலிருந்து நடத்தப்போற பாடங்களோட பட்டியலைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு வாங்கணும்.

தரத்தைப் பற்றியும் சொல்லணும். 2019-ல ஃபோர்டம் இன்ஸ்டிடியூட் ஒரு ஆய்வு வெளியிட்டது. உயர்நிலைப் பள்ளி ஆங்கிலத்துக்காக இணையத்துல அதிகம் டவுன்லோட் ஆன முந்நூறுக்கும் மேற்பட்ட பாடப்பொருட்களை நிபுணர்கள் பரிசோதிச்சாங்க. பணம் வாங்கற தளம், இலவசத் தளம் ரெண்டும் அதுல இருந்தது. பெரும்பாலானவை சுமார் ரகம், இல்லன்னா பயன்படுத்தத் தேவையில்லைன்னு முடிவு வந்தது. எழுத்துப்பிழை பெருசா இல்ல, பார்க்கவும் நல்லா இருந்தது. மதிப்பீடு செய்யும் பகுதியும், பலவிதமான மாணவர்களுக்குத் தேவையான உதவியும்தான் பலவீனமா இருந்தது.

அதனால அட்டையோட அழகைப் பார்த்து மயங்காதீங்க. முன்னோட்டப் பக்கங்களைத் திறந்து, விடைக்குறிப்பு இருக்கா, மதிப்பெண் போட அளவுகோல் இருக்கா, மெதுவாப் படிக்கற பிள்ளைக்கு என்ன வழி வெச்சிருக்காங்கன்னு பாருங்க. இன்னொண்ணு, ஒரு உரிமம் ஒரு ஆசிரியருக்குத்தான். பக்கத்து வகுப்பு டீச்சருக்கு அதே ஃபைலை வாட்ஸ்அப்ல அனுப்பக் கூடாது. அவங்களுக்குக் கூடுதல் உரிமம் வாங்கணும்.

காசு கொடுக்கவே வேண்டாதவை

கார்ட்டுல போடறதுக்கு முன்னாடி இலவசமா கிடைக்குதான்னு பாருங்க. ஷேக்ஸ்பியர் நாடகங்களோட முழு உரையும் ஃபோல்ஜர் நூலகத்தின் தளத்துல இலவசம். ‘தி கிரேட் கேட்ஸ்பி’ 1925-ல வெளிவந்த நாவல். 2021 ஜனவரி 1 முதல் அமெரிக்காவுல அது பொதுவுடைமை. முப்பது பிரதி வாங்காமலே வகுப்புல படிக்க வைக்கலாம். ‘டு கில் எ மாக்கிங்பேர்ட்’ 1960-ல வந்தது, அதுக்குப் பதிப்புரிமை இன்னும் இருக்கு. அதை வாங்கித்தான் ஆகணும். ஒரு பிரதி 10 டாலர்னு வெச்சாலும் முப்பது பேருக்கு 300 டாலர். 2022-ல இருந்த வரிச் சலுகை வரம்பு முழுசும் ஒரே நாவல்ல தீர்ந்துடும். சேல் நாள்ல காசு செலவழிக்கணும்னா, இந்த மாதிரி வேற வழியில்லாத புத்தகத்துக்குச் செலவழிக்கறது நியாயம்.

குறுகிய வாசிப்புப் பகுதிகளுக்கு காமன்லிட் இருக்கு. பாடத் திட்டங்களுக்கு, ஆங்கில ஆசிரியர்களின் தேசிய அமைப்பு நடத்தும் ரீட்ரைட்திங்க் இருக்கு. காமன்லிட் இலவசம். ஆனா ஃபோர்டம் ஆய்வு பார்த்த தளங்கள்ல ரீட்ரைட்திங்க்கும் ஒண்ணு. எதுவானாலும் முன்னாடி சொன்ன கேள்விகளைக் கேட்டுத்தான் எடுக்கணும்.

பேனா, நோட்டு, லேமினேட்டர்

கையில தொடற பொருட்களுக்குக் காலண்டர் வேற. நோட்டு, பென்சில், ஹைலைட்டர், இண்டெக்ஸ் கார்டு இதெல்லாம் அமெரிக்காவுல மலிவா கிடைக்கறது ஜூலை, ஆகஸ்ட்ல, பள்ளி திறக்கற நேரத்துல. வாடிக்கையாளரை உள்ளே இழுக்க, கடைகள் நோட்டை அடிமாட்டு விலைக்குத் தரும். சில மாநிலங்கள்ல அந்தச் சமயத்துல விற்பனை வரி விலக்கு நாட்களும் உண்டு. ஆக, நவம்பர்ல பேனா வாங்க அலைய வேண்டாம். தீர்ந்துபோனதை மட்டும் வாங்கினா போதும். பிளாக் ஃப்ரைடேக்கு ஏத்தது மின்சாதனங்கள்: லேமினேட்டர், பிரிண்டர், புத்தகப் பக்கத்தைத் திரையில காட்டும் டாக்குமென்ட் கேமரா. பிரிண்டர் வாங்கும்போது மை விலையையும் பாருங்க. நூறு கட்டுரை அச்சடிக்கற டீச்சருக்கு உண்மையான செலவு அதுலதான்.

கடைசியா, யார் பணம்?

சைபர் மண்டேக்கு மறுநாளுக்கு கிவிங் டியூஸ்டேன்னு பேர். 2012-ல ஆரம்பிச்ச நன்கொடை நாள். பிராங்க்ஸ் பகுதியில ஆசிரியரா இருந்த சார்லஸ் பெஸ்ட் 2000-ல தொடங்கின டோனர்ஸ்சூஸ் தளத்துல, அரசுப் பள்ளி ஆசிரியர் தனக்கு என்ன வேணும்னு எழுதலாம், முகம் தெரியாத யாரோ அதுக்குப் பணம் தரலாம். முப்பது நாவல் மாதிரி பெரிய செலவை கார்ட்டுல போடறதுக்கு முன்னாடி அங்க கேட்டுப் பார்க்கலாம். அதுக்கும் முன்னாடி பள்ளி முதல்வர்கிட்ட எழுத்துல கேட்கணும். ஏன்னா டீச்சர் சத்தமில்லாம வாங்கிட்டா, அந்தச் செலவு பள்ளியோட பட்ஜெட்ல பதிவாகவே ஆகாது. அடுத்த வருஷமும் ‘இருக்கறது போதும்’னுதான் கணக்கு வரும். அதனால ரசீதுகளை எடுத்து வைங்க. வரிக்கு உதவும். பட்ஜெட் கூட்டத்துல மேஜை மேல வைக்கவும் உதவும்.

உங்களுக்குத் தெரிஞ்ச டீச்சர் யாராவது அங்க இருந்தா, அவங்க கார்ட்டை நிரப்பறதுக்கு முன்னாடி இந்த எபிசோடை அனுப்பி விடுங்க.